பொட்டலம் தோண்டிய கொல்லை

அந்தத் தரை மேஸ்திரிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கட்டட வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நடுவில் வந்து நின்றால் தரை சமமாக இருக்கிறது என்று காட்டும் கருவி அது. அதைத் தரையில் வைப்பதற்கு முன்பே அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, "அந்த மூலை ஒரு நூல் ஏறியிருக்கு" என்று சொல்லிவிடுவார். பிறகு கருவியை வைத்தால் குமிழி அவர் காட்டிய பக்கமே ஓடும்.

மீசை முளைக்கும் முன்பே சிமெண்ட் மூட்டை தூக்க வந்தவர். கலவை போட்டு, கல் சுமந்து, பெரிய மேஸ்திரிகளிடம் ஏச்சு வாங்கி, கடைசியில் தரைதான் தன் வேலை என்று உட்கார்ந்துவிட்டார். உண்மையாகவே உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் பாதி மண்டி போட்டே போனது. முழங்கால் இரண்டும் காய்த்துப் போய், மாடி ஏறும்போது மடக்மடக் என்று பேசும். எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கிற மனுஷரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள். கண் கலங்கி நின்றவர் முதலில் "நல்லா இருக்காளா" என்று கேட்டார், அடுத்து "அம்மா எப்படி இருக்கா" என்று கேட்டார், அதற்கடுத்து, "இந்த வராந்தா யாரு போட்டது, தண்ணி ஊத்திக் கழுவினா வார்டுக்குள்ளதானே போகும்" என்றார். இந்தக் கதையை அவர் மனைவி சொல்லாத விருந்தாளி கிடையாது.

அவருக்கு இன்னொரு வித்தையும் உண்டு. ஓடு பதித்து முடித்த பிறகு கொத்துக்கரண்டியின் கட்டைப் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருவார். தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். கலவை நிறைந்த ஓடு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் காற்று நின்ற ஓடு பொக்கென்று பேசும். பொக்கென்று பேசினால் அவ்வளவுதான், பெயர்த்தெடுத்து மறுபடி பதித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

இப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டில் உள்தரை கண்ணாடி மாதிரி இருந்தது. கொல்லைப்புறம் மட்டும் வெறும் மண். ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு எலுமிச்சை மரம், துணி காயப்போட ஒரு கம்பிக் கொடி. "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடின. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். ஊருக்கெல்லாம் படுக்கை விரிப்பு துவைத்துவிட்டு வந்து, தன் வீட்டுத் துணியைச் சேறு தெறிக்கிற இந்தக் கொல்லையில் உலர்த்த வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு நிரந்தரமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது.

அந்த வீட்டுக்குப் பொட்டலம் வந்தது மகளால். மகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். "என்னடி பொட்டலம்?" என்று அம்மா கேட்க, துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சாம்பல் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும் பெட்டை நாய்க்குட்டி. பிறகு மகளுக்குக் கல்யாணமாகி, நாய் வளர்க்க விடாத அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டாள். பொட்டலம் மட்டும் இவர்களோடு தங்கிவிட்டது.

நல்ல நாய். யாரையும் கடிக்காது, செருப்பைத் தொடாது. மழைக்காலம் முழுவதும் வாசற்படியில் சுருண்டு கிடக்கும். அந்த வருஷம் வெயில் காலம் வந்து மண் இறுகியதும் அதற்கு என்ன ஆனதோ தெரியவில்லை, தோண்ட ஆரம்பித்தது.

ஒரு நாள் ரசமட்டம் வேலை முடிந்து வந்து பார்த்தால் துணிக்கொடிக்குக் கீழே ஒரு குழி. மறுநாள் எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒன்று. அந்த வாரம் முடிவதற்குள் கொல்லை அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. மனைவி ஈரத் துணிக் கூடையோடு ஒரு குழியில் கால் வைத்து, துணியும் தானுமாக விழுந்து எழுந்தாள்.

"ஊருக்கே தரை போடறீங்க. நம்ம வீட்டுக் கொல்லையில கால் வைக்க ஒரு இடம் இருக்கா?" என்றாள்.

அவர் குழிகளை மூடினார். பொட்டலம் திறந்தது. மூடிய இடத்தில் செங்கல் வைத்தார். அது செங்கலுக்குப் பக்கத்தில் தோண்டியது. யாரோ சொன்னார்கள் என்று மிளகாய்த் தூள் தூவினார்கள். நாய் தும்மிக்கொண்டே தோண்டியது. எலுமிச்சைத் தோல் போட்டால் அண்டாது என்றார்கள். அந்த வீட்டு நாய் எலுமிச்சை மரத்தடியிலேயே வளர்ந்தது, அதற்கு அது பழகிய வாசனை. அதனுடைய பீயையே குழியில் போட்டு மூடினால் அந்தப் பக்கம் போகாது என்று பால்காரர் சொன்னார். அது போகவில்லைதான். இரண்டடி தள்ளிப் புதுக் குழி போட்டது.

கடைசியில் நாய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பொறுமையான மனுஷி. பொட்டலத்தின் பாதத்தைத் தூக்கி, தேய்ந்துபோன நகங்களைப் பார்த்தார்.

"சும்மா கிடந்து பொழுது போகலன்னா தோண்டும். வெயில் தாங்காம குளிர்ச்சியா படுக்கத் தோண்டும். ஓடிப்போகணும்னா வேலியோரமா தோண்டும். இல்ல, மண்ணுக்குள்ள எலி கிலி இருக்கும். உங்க நாய் எந்த வகைன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பொழுது போகவில்லையோ என்று காலையும் மாலையும் தெரு முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். வெயிலோ என்று சாக்கை நனைத்து நிழல் கட்டினார். தனக்கென்று ஒரு இடம் இருந்தால் மற்ற இடத்தை விட்டுவிடும் என்று டாக்டர் சொன்னதால், வேலை நடந்த இடத்திலிருந்து சலித்த மணல் கொண்டுவந்து, நாலு பக்கமும் பலகை அடித்து, மணல் தொட்டி ஒன்று கட்டினார். அதையும் ரசமட்டம் வைத்துத்தான் கட்டினார் என்று அவருடைய கூட்டாளி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பொட்டலம் அந்தத் தொட்டியை மரியாதையாக ஏற்றுக்கொண்டது. தன்னுடைய ரப்பர் பந்தை அதில் புதைத்துவிட்டு, வந்து கொல்லையைத் தோண்டியது.

அவருடைய மனைவிதான் முதலில் கவனித்தாள். துணி உலர்த்தும்போது கொடிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, அது கண்ட இடத்துல தோண்டல. நடந்து வருது, டக்குனு நிக்குது, தலையைச் சாய்ச்சுக் கேக்குது. அப்புறம்தான் கால் வைக்குது."

"கேக்குதா? மண்ணு என்ன பாட்டா பாடுது?"

"நீங்க ஓடு தட்டிப் பாக்கறப்போ எப்படி நிப்பீங்களோ, அதே மாதிரி நிக்குதுங்க. வாயைக்கூட உங்கள மாதிரியே தொறந்து வச்சுக்குது."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் அடுத்த நாள் தேநீர்க் குவளையோடு படியில் உட்கார்ந்து பார்த்தார். பொட்டலம் கொல்லையின் குறுக்கே நடந்தது. நடுவில் நின்றது. நிமிர்ந்த காது முன்னே வந்தது, மடங்கிய காது பாதி எழுந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்படியே அசையாமல் நின்றது. தேநீர் ஆறிப்போனது. திடீரென்று முன்னங்கால்கள் இயந்திரம் மாதிரி ஓட ஆரம்பித்தன. மண் பின்னால் பறந்தது. ஒரு முழ ஆழத்தில் இறுகிய மண் தட்டுப்பட்டதும் நகம் வழுக்கியது. அது குழிக்குள் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனது.

"எலிதான்" என்றார் அவர். ஆனால் எலி வளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இனி பொறுக்க முடியாது என்று முடிவு செய்தார். கொல்லை முழுவதும் கான்கிரீட் போட்டு, மேலே சொரசொரப்பான ஓடு பதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மனைவியின் மனத்தாங்கலும் தீரும். ஜல்லி வந்தது, மணல் வந்தது, சிமெண்ட் மூட்டைகள் சுவரோரம் அடுக்கப்பட்டன. ஒரு விடுமுறை நாள் காலையில் கூட்டாளியும் வந்து சேர்ந்தார். அவரை எல்லாரும் கலவை என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் தரை மட்டத்தில் எப்படியோ, அவர் கலவை பதத்தில் அப்படி. பேச்சிலும் எல்லாவற்றையும் போட்டுக் கலக்குவார்.

பொட்டலத்தை எலுமிச்சை மரத்தில் கட்டிப் போட்டார்கள். அது முனகிக்கொண்டே இருந்தது.

மழைத்தண்ணீர் வடிய முதலில் சுவரோரமாக ஒரு கால்வாய் எடுக்க வேண்டும். கலவை கடப்பாரையால் குத்திக் கொடுக்க, ரசமட்டம் மண்வெட்டியால் அள்ளினார். மண் காய்ந்து பாறையாக இருந்தது. முழங்கால் ஆழம் போனபோது மண்வெட்டியில் ஒரு உருண்டை வந்தது. கைக்கு அடக்கமான மண்ணுருண்டை. தூக்கி எறியப்போனவர் நிறுத்தினார். கல்லாக இருந்தால் கனக்கும், மண்ணாக இருந்தால் உதிரும். இது இரண்டும் இல்லை.

"என்னண்ணே அது?" என்றார் கலவை.

ரசமட்டம் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய், லேசாகத் தண்ணீர் சொட்டவிட்டுக் கட்டைவிரலால் தடவினார். மண் கரைந்தது. அடியில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய ஒரு தோல். அது ஓர் இடத்தில் கிழிந்தது. கிழிசலுக்குள் ஏதோ மடிந்து கிடந்தது. கால்கள் உடம்போடு ஒட்டி, தலை உள்ளே இழுத்து, மாவு உருண்டை மாதிரி ஒன்று.

"செத்த தவளை. தூக்கிப் போடுங்கண்ணே" என்றார் கலவை.

அப்போது அது ஒரு கண்ணைத் திறந்தது.

பொன் நிறக் கண். நடுவில் கறுப்பாக ஒரு கீற்று. அந்தக் கண் ரசமட்டத்தைப் பார்த்ததா, வெளிச்சத்தைத்தான் பார்த்ததா, தெரியாது. உள்ளங்கையில் ஏதோ துடித்தது. அது தவளையின் துடிப்பா தன் விரலின் துடிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. மெதுவாகப் புரிந்தது, தவளையின் துடிப்புதான். அவர் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வேலைச் சத்தம் நின்றதும் மனைவி வெளியே வந்தாள். மூன்று பேரும் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப இருந்து இதுக்குள்ள இருக்கும்?" என்று அவள்தான் கேட்டாள்.

"மழை விட்டதிலிருந்து இருக்கும்" என்றார் கலவை. அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"சோறு தண்ணி?"

கலவை உதட்டைப் பிதுக்கினார்.

"மூச்சு?"

அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வெயில் காலம் முழுக்க அவள் அதன் தலைக்கு மேலேதான் ஈரத் துணி உதறியிருக்கிறாள், அதன் தலைக்கு மேலேதான் குழியில் விழுந்து நாயைத் திட்டியிருக்கிறாள்.

எலுமிச்சை மரத்தடியில் பொட்டலம் முனகலை நிறுத்திவிட்டு எழுந்து நின்றிருந்தது. ரசமட்டம் அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தவளையை மனைவி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"அண்ணே, அது கடிச்சிரப் போகுது."

"இல்ல. என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

பொட்டலம் தவளை இருந்த பக்கம் வரவில்லை. கொல்லைக்குள் நடந்தது. நின்றது, தலையைச் சாய்த்தது. தோண்டக் காலைத் தூக்கியபோது ரசமட்டம் பக்கத்தில் போய் மண்டியிட்டு, "இரு" என்று அதன் முதுகில் கை வைத்தார். வேலைக்கு அடையாளம் போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நாய் அவரைப் பார்த்தது. பிறகு அடுத்த இடத்துக்குப் போனது. அங்கேயும் ஒரு வட்டம். அடுத்து ஒன்று. கொடிக்குக் கீழே, குழாய்க்குப் பக்கத்தில், படிக்கு நேராக. அவரும் நாயும் கொல்லை முழுவதும் அப்படியே போனார்கள். அவர் ஒரு வட்டத்தில் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்துக் கேட்டார். ஆயிரக்கணக்கான ஓடுகளைத் தட்டிக் கேட்ட காது. ஒன்றும் கேட்கவில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"நம்பறதுக்கு ஒண்ணைப் பாத்துரலாம்ணே" என்றார் கலவை. படியோரத்து வட்டம் ஒன்றைக் கடப்பாரையால் சுற்றிலும் நெகிழ்த்தி, உள்ளே கையாலேயே மண்ணை எடுத்தார்கள். ஆழத்தில் விரல் நுனியில் மென்மையாக ஏதோ பட்டது. கலவை கையை இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. காரணம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"பாத்தாச்சுல்ல, போதும். எல்லாத்தையும் மூடுங்க" என்றாள் மனைவி.

அவள் கையில் இருந்ததைப் பழைய இடத்தில் ஈர மண்ணோடு வைத்து மூடினார்கள். ரசமட்டம் நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் வெள்ளை வட்டங்கள். சுவரோரம் சிமெண்ட் மூட்டைகள். இன்று மாலைக்குள் கான்கிரீட் விழுந்திருக்கும். நாலு நாளில் இறுகியிருக்கும். அப்புறம் ஒரு நாள் மழை வரும். மழை வந்துவிட்டது என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படியோ தெரியும். அவர்கள் எழுந்து, மேலே வர முட்டுவார்கள். ஒரு நூல்கூட ஏறாத இறங்காத, எங்கே தட்டினாலும் கெட்டியாகப் பேசுகிற அவருடைய தரையை முட்டுவார்கள்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஜல்லியைத் திருப்பி ஏத்திரு" என்றார் கலவையிடம்.

மழை வந்தது ஒரு சாயங்காலம். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து துணி போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். வானம் கறுத்து, பெரிய பெரிய துளிகளாக விழுந்து, சற்று நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. சுண்ணாம்பு வட்டங்கள் கரைந்து போயின. கொல்லை முழுக்கத் தண்ணீர் தேங்கியது. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நின்றார். பொட்டலம் அவர் காலோடு ஒட்டி நின்றது. அதன் உடம்பு நடுங்கியது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கொடிக்குக் கீழே மண் மூச்சு விடுகிற மாதிரி ஒரு முறை மேலெழுந்து தணிந்தது. மறுபடி எழுந்தது. வெடித்தது. சேற்றுக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. இரண்டு பொன் கண்கள். முன்கால் இரண்டையும் ஊன்றி, பாதி உடம்பை வெளியே இழுத்து, அப்படியே மழையில் உட்கார்ந்துகொண்டது. பல மாதத் தூக்கத்திலிருந்து எழுந்த முகம் அது. பக்கத்தில் இன்னொன்று. குழாயடியில் ஒன்று. எலுமிச்சைக்குக் கீழே. படிக்கு நேராக, அவர் தினம் கால் வைக்கிற இடத்தில். எங்கெங்கே வட்டம் போட்டாரோ அங்கெல்லாம், வட்டம் போடாத இடத்திலும்கூட, பூமி திறந்து திறந்து கொடுத்துக்கொண்டே இருந்தது.

கடையிலிருந்து ஓடிவந்த மனைவி துணி எடுக்கப் படியிறங்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. கால் வைக்க இடமில்லை. வாழ்நாளில் ஒரு துணியைக்கூட மழையில் நனைய விட்டறியாதவள், கொடி நிறையத் துணி சொட்டச் சொட்ட நின்று பார்த்தாள்.

"எத்தனை உசுருங்க" என்றாள் மெல்ல.

பொட்டலம் படியிறங்கி மழைக்குள் போனது. அவர் பிடிக்கவில்லை. அது ஒவ்வொன்றின் முன்னும் போய் மூக்கை நீட்டியது. ஒன்றையும் தொடவில்லை. பிறகு கொல்லை நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைச் சுற்றித் தவளைகள் ஒவ்வொன்றாகத் தொண்டையை ஊதிக் கத்த ஆரம்பித்தன. சத்தம் சுவர்களில் மோதி நெஞ்சுக்குள் அதிர்ந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் மறுநாள் வந்து, உங்கள் வீட்டு மோட்டாரில் ஏதோ கோளாறு, விடிய விடிய ஓடுகிறது என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் பொட்டலம் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறவில்லை.

மழை ஓய்ந்து மண் உலரத் தொடங்கியபோது அவர் இன்னொன்றையும் பார்த்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். குழாயடியில் ஒரு கொழுத்த தவளை உட்கார்ந்திருந்தது. அது எங்கும் போகவில்லை, ஆனால் தாழ்ந்துகொண்டே வந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது பின்பக்கமாக இறங்குகிறது. பின்னங்கால்கள் மண்ணை இப்படியும் அப்படியும் தள்ள, உடம்பு மெல்லத் திரும்பித் திரும்பி, நாற்காலியில் சாய்கிற மாதிரி பூமிக்குள் சாய்ந்தது. வயிறு போனது, முதுகு போனது. கடைசியில் அந்த இரண்டு கண்கள் மட்டும் மண் மட்டத்தில் நின்று அவரைப் பார்த்தன. அவையும் மூடின. அந்த இடத்தில் ஒரு சுவடும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, பிக்காசு என்று வாழ்நாளெல்லாம் மண்ணைப் பிளந்தவர், வாயில் பல்பொடி நுரையோடு அங்கேயே நின்றுவிட்டார். வேலைக்குத் தாமதமாகத்தான் போனார். கலவை காரணம் கேட்டதற்கு, "ஒருத்தரை வழியனுப்பிட்டு வந்தேன்" என்றார்.

மனைவிக்காகக் கொடிக்குக் கீழே மட்டும் கல்பலகைகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். கலவை பூசாமல், வேண்டும்போது தூக்கி எடுக்கிற மாதிரி, வெறும் மணலின்மேல். இடையிடையே கை நுழைகிற அளவு மண் விட்டிருந்தார். அவை சற்று ஏறியும் இறங்கியும்தான் இருந்தன. வந்து பார்த்த கலவை, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா" என்று அண்ணியிடம் தனியாக விசாரித்தார்.

மறுபடி வெயில் வந்தது. பொட்டலமும் மறுபடி காதைச் சாய்த்தது. முதல் குழி விழுந்த அன்று அவர் திட்டவில்லை. பக்கத்தில் போய்ச் சிரமப்பட்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். காதை மண்ணில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நாயின் கழுத்தைத் தடவி, "ஆமா, இருக்கு. நானும் பாத்துக்கறேன். விடு" என்றார். பொட்டலம் அவர் முகத்தைப் பார்த்தது, குழியைப் பார்த்தது. காலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே படுத்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. யாராவது கூட வந்து கேட்டால் அது தோண்டுவதில்லை. தனியாக விட்டால்தான் தோண்டும். அதற்குப் பிறகு வேலை இல்லாத மத்தியானங்களில் அவர், அவர் இல்லாதபோது அவள், இப்படி முறை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, பொட்டலம் தோண்டறதை நிறுத்திடுச்சா?"

"நிறுத்திடுச்சுடி."

"எப்படிம்மா நிறுத்துனீங்க? மிளகாய்த்தூளா?"

அம்மா ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பாகிட்ட குடும்மா, அவரையே கேக்கறேன்."

"அவரு மண்ணுல படுத்திருக்காருடி" என்றாள் அம்மா. "இப்பக் கூப்பிட்டா எழுந்திரிக்க மாட்டாரு. நீ ஒண்ணு பண்ணு, மழை தொடங்கற சமயமா பாத்து லீவு போட்டுட்டு வா."